ஒரு சின்ன ரிசோல்வரை நாமே எழுதித் திருத்துவோம்: புதியவர்களுக்கான வழிகாட்டி

சம்மாந்துறையிலிருந்து கல்லடிக்கு வந்து எங்களோடு படிக்கும் மாணவி ஒருத்தி லப்டொப்பைத் திறந்து என் முன்னால் வைத்தாள். திரை முழுக்கச் சிவப்பு எழுத்து. “சேர், மூணு தரம் எல்லாத்தையும் அழிச்சுப்போட்டுத் திருப்பி இன்ஸ்டோல் பண்ணிட்டன். அப்பவும் இதுதான் வருகுது. டேட்டாவும் முடிஞ்சிட்டு” என்றாள். பிழைச் செய்தி ஏறத்தாழ நாற்பது வரி. அவளுக்கு வேண்டிய விடை அதன் நடுவில், யாரும் வாசிக்காத ஒரு வரியில் கிடந்தது.

அவள் கேட்ட இரண்டு பொதிகளும் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்) மூன்றாவது ஒரு பொதியை வேறுவேறு பதிப்பில் கேட்டன. இரண்டுக்கும் பொருந்தும் பதிப்பு எங்குமே இல்லை. இல்லாத ஒன்றை எத்தனை தரம் இறக்கினாலும் வராது.

பொதிகளை இறக்கி நிறுவும் பக்கேஜ் மனேஜர் பதிப்புகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறது என்பதை ஒருவர் தன் கையாலேயே ஒருமுறை செய்து பார்த்துவிட்டால், இந்தச் சிவப்பு எழுத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. அதற்குத்தான் இந்த வழிகாட்டி. முதலில் தாளில் செய்வோம். பிறகு, அந்தத் தேர்வைச் செய்யும் பகுதியான ரிசோல்வரைப் பைத்தனில் சின்னதாக எழுதி, அதை மூன்று நான்கு கட்டமாகத் திருத்துவோம். பட்டியல், அகராதி, தன்னைத்தானே அழைக்கும் செயற்கூறு ஆகிய மூன்றும் தெரிந்தால் போதும். தொடங்கிய பிறகு இணையமும் தேவையில்லை.

சொற்களைப் பற்றி ஒரு விடயம். பக்கேஜ் என்று வாயால் சொல்வதைப் பொதி என்றும், வேர்ஷன் என்பதைப் பதிப்பு என்றும் எழுதுகிறேன். ரிசோல்வர், லொக் கோப்பு இரண்டையும் அப்படியே விட்டிருக்கிறேன். அவற்றுக்கு நம்மிடையே வேறு சொல் புழக்கத்தில் இல்லை.

குளம் ஒன்று, வயல் பல

எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை விளக்க நான் வயலைத்தான் எடுப்பேன். போகம் தொடங்க முன்னர் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டம் நடக்கும். உன்னிச்சைக் குளமோ நவகிரிக் குளமோ, தண்ணீர் ஒரே இடத்திலிருந்துதான் வரும். தண்ணீர் திறக்கும் திகதி, விதைப்பை முடிக்கும் திகதி, மாடுகளை வயற்புறத்திலிருந்து அப்புறப்படுத்தும் திகதி, எத்தனை மாத நெல் விதைப்பது என்பதையெல்லாம் அங்கேதான் முடிவெடுப்பார்கள். ஒருவர் ஒரு கிழமை முந்தக் கேட்பார், இன்னொருவர் பிந்தக் கேட்பார். தண்ணீர் ஒன்று என்பதால் திகதியும் ஒன்றாகத்தான் இருக்க முடியும்.

ரிசோல்வரின் வேலையும் அதுதான். எல்லாருடைய தேவையையும் கேட்டு, எல்லாருக்கும் ஒத்துவரும் பதிப்பைத் தேடும். ஒத்துவராத இடத்தில்தான் நல்ல ரிசோல்வரையும் கெட்டதையும் பிரித்தறியலாம். வயல்களுக்குப் பொறுப்பான நல்ல வட்டவிதானை ஒருவர் “சரிவராது” என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப் போகமாட்டார். இன்னாருடைய வயலில் அறுவடை முடியவில்லை, இன்னார் மூன்றரை மாத நெல்தான் விதைப்பேன் என்கிறார், அதனால் இந்தத் திகதி பொருந்தாது என்று காரணத்தை அடுக்கிச் சொல்வார். காரணம் தெரிந்தால் அந்த இரண்டு பேரும் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். ரிசோல்வரை மேம்படுத்துவது என்றதும் பலரும் வேகத்தையே நினைக்கிறார்கள். என் பார்வையில் முதல் இடம் காரணம் சொல்வதற்குத்தான். வேகத்தைத் தரும் வழியும் அதே இடத்தில்தான் இருக்கிறது என்பதைக் கீழே காணலாம்.

பதிப்பு எண்ணை வாசித்தல்

விதைநெல் வாங்கும்போது பிஜி 300 என்றால் மூன்று மாத நெல், பிஜி 352 என்றால் மூன்றரை மாத நெல் என்று வயற்காரர் வீட்டுப் பிள்ளைக்குத் தெரியும். எண்ணுக்குள்ளேயே வயது இருக்கிறது. பதிப்பு எண்ணும் அப்படித்தான். 1.4.2 என்பதில் கடைசி எண் ஏறினால் பிழை திருத்தம் மட்டும். நடு எண் ஏறினால் புதிய வசதி வந்திருக்கிறது, பழையது எதுவும் உடையாது. முதல் எண் ஏறினால் பழையது உடையலாம், பார்த்துப் போடு என்று பொருள். முதல் எண் பூச்சியம் என்றால் எதுவும் எப்போதும் மாறலாம். இந்த ஒழுங்குக்கு செம்வெர் என்று பெயர்.

ஒரு வித்தியாசத்தை மறக்க வேண்டாம். நெல்லின் வயதை வயலில் அளந்து பார்த்த பிறகே எண் கொடுக்கிறார்கள். பதிப்பு எண்ணோ எழுதியவர் தரும் வாக்கு மட்டுமே. நடு எண்ணை மட்டும் ஏற்றிவிட்டு உள்ளே எதையாவது உடைத்தவர்கள் உண்டு. ரிசோல்வரால் அதைக் கண்டுபிடிக்க முடியாது. எழுதியதை அது அப்படியே நம்பும்.

தேவையை எழுதும்போது எல்லையாக எழுதுவோம். “1.4 அல்லது மேல், 2.0 இற்குக் கீழ்” என்பது மிகவும் பழக்கமான எல்லை. ஜாவாஸ்கிரிப்ட்டின் பக்கேஜ் மனேஜரான என்பிஎம்மில் எண்ணுக்கு முன்னால் கூரைக்குறி (^) போட்டால் இந்தப் பொருள்தான். ரஸ்ட் மொழியின் பக்கேஜ் மனேஜரான கார்கோவில் குறியே போடாமல் எண்ணை மட்டும் எழுதினாலும் இதே பொருள்.

தாளில் ஒருமுறை

பென்சிலும் தாளும் எடுங்கள். இதைத் தாண்டி ஓடவேண்டாம். நான் பார்த்தவரை தாளில் செய்தவர்கள் பின்னால் குழம்பியதில்லை.

களஞ்சியம் என்று ஒரு செயலி, நெல் மூட்டைக் கணக்கு வைப்பது. அது மூன்று பொதிகளைக் கேட்கிறது: வரைபடம் 1.0 அல்லது மேல், 2.0 இற்குக் கீழ். நிறம் 1.0 அல்லது மேல், 2.0 இற்குக் கீழ். தூதன் 2.0 அல்லது மேல், 3.0 இற்குக் கீழ்.

பதிவகத்தில், அதாவது பொதிகளின் பதிப்புகள் எல்லாம் வைக்கப்பட்டிருக்கும் இடத்தில், இருப்பவை இவை. வரைபடம் பொதிக்கு 1.1, 1.2 என இரண்டு பதிப்புகள். 1.1 ஆனது திகதி என்ற பொதியை 1.4 அல்லது மேல், 2.0 இற்குக் கீழ் கேட்கிறது. 1.2 ஆனது அதே திகதியை 2.0 அல்லது மேல், 3.0 இற்குக் கீழ் கேட்கிறது. நிறம் பொதிக்கு 1.0 முதல் 1.7 வரை எட்டுப் பதிப்புகள், அது வேறு யாரையும் கேட்பதில்லை. தூதன் பொதிக்கு 2.0, 2.1, 2.2, 2.3 என நான்கு. நான்கும் திகதியை 1.0 அல்லது மேல், 2.0 இற்குக் கீழ் கேட்கின்றன. திகதிக்கு 1.3, 1.4, 1.5, 2.0, 2.1 உண்டு.

எழுதிய வரிசையிலேயே ஒவ்வொன்றின் புதிய பதிப்பையும் எடுங்கள். வரைபடம் 1.2, நிறம் 1.7, தூதன் 2.3. இப்போது திகதிக்கு வாருங்கள். ஒருவர் 2.0 இற்கு மேல் கேட்கிறார், மற்றவர் 2.0 இற்குக் கீழ் கேட்கிறார். பொது எதுவும் இல்லை. கடைசியாக எடுத்த தூதனை மாற்றிப் பார்க்கிறோம்: 2.2, 2.1, 2.0. நான்கும் தோல்வி. அதற்கு முன் எடுத்தது நிறம். அதை 1.6 ஆக்கிவிட்டு மீண்டும் தூதனின் நான்கையும் பார்க்கிறோம். இப்படி நிறத்தின் எட்டையும் தூதனின் நான்கையும் சேர்த்து 32 தோல்விக்குப் பிறகே வரைபடத்துக்குத் திரும்பி வருவோம். அங்கே 1.1 ஐ எடுத்தவுடன் எல்லாம் சரி: நிறம் 1.7, தூதன் 2.3, திகதி 1.5.

பென்சிலோடு இருக்கும் எவரும் ஆறாவது ஏழாவது தோல்வியிலேயே நிறுத்திவிடுவார்கள். “நிறத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?” என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியை அப்படியே தாளின் மேல்மூலையில் எழுதி வையுங்கள். நம் ரிசோல்வருக்கு நாம் கற்றுக்கொடுக்கப்போவது அதைத்தான்.

பைத்தனில் முதல் வரைவு

பதிவகத்தை ஓர் அகராதியாக எழுதுங்கள்: பொதியின் பெயர், அதற்குள் பதிப்புகள், ஒவ்வொரு பதிப்புக்கும் அதன் தேவைகள். பைத்தன் 3 இல் மாறிகளின் பெயரையும் செயற்கூறின் பெயரையும் தமிழ் எழுத்திலேயே வைக்கலாம். கற்கும்போது அது உண்மையாகவே உதவுகிறது.

“தீர்” என்று ஒரு செயற்கூறு. இதுவரை தேர்ந்தவற்றையும் இதுவரை சேர்ந்த தேவைகளையும் அது வாங்கிக்கொள்ளும். தேரவேண்டிய பொதி எதுவும் மிச்சமில்லை என்றால் வேலை முடிந்தது, விடையைத் திருப்பித் தரும். மிச்சம் இருந்தால் முதலாவதை எடுத்து, சேர்ந்த தேவைகள் எல்லாவற்றுக்கும் பொருந்தும் பதிப்புகளைப் புதியது முதலாக அடுக்கும். ஒவ்வொன்றாக எடுத்து, அதன் தேவைகளையும் சேர்த்துக்கொண்டு தன்னையே அழைக்கும். விடை வந்தால் திருப்பித் தரும், வராவிட்டால் அடுத்த பதிப்பு. பட்டியல் தீர்ந்தால் வெறுங்கையோடு திரும்பும்.

புதியவர்கள் ஏறத்தாழ எல்லாரும் விடும் ஒரு பிழை இருக்கிறது. ஒரு பதிப்பின் தேவைகளைச் சேர்க்கும்போது, அந்தத் தேவை ஏற்கெனவே தேர்ந்து முடித்த பொதியோடு மோதலாம். அதைச் சோதிக்காவிட்டால் உங்கள் ரிசோல்வர் சந்தோசமாகப் பிழையான விடையைத் தரும். பைத்தனின் பக்கேஜ் மனேஜரான பிப் கூட நெடுங்காலம் ஒரு பொதிக்கு முதலில் வந்த தேவையை மட்டும் பார்த்து, பின்னால் வந்தவற்றோடு மோதும் பதிப்பை நிறுவிவிடக்கூடியதாக இருந்தது. 2020 நவம்பரில் வந்த 20.3 பதிப்பில்தான் பின்வாங்கித் தேடும் புதிய ரிசோல்வர் அதில் இயல்பானதாயிற்று.

இன்னும் ஒன்று: தோல்வி எண்ணும் ஒரு மாறி வையுங்கள். பொருந்தும் பதிப்பே இல்லாமற்போனாலும், புதிய தேவை தேர்ந்த பதிப்போடு மோதினாலும் ஒன்று கூட்டுங்கள். ஓட்டிப்பாருங்கள். 32 வரவேண்டும். வராவிட்டால் முன்னே போகாதீர்கள், பிழையைத் தேடுங்கள். பிறகு நிறம் போலவே எட்டுப் பதிப்புள்ள இன்னொரு சம்பந்தமில்லாத பொதியைத் தூதனுக்கு முன்னால் சேர்த்து ஓட்டுங்கள். 256. இன்னொன்று சேர்த்தால் 2048. கேட்டிராத வேகத்தில் ஏறுகிறதல்லவா? பதிப்புத் தேர்வு பொதுவாக என்பி-முழுமை என்ற கடினமான வகையைச் சேர்ந்த கணக்கு. எல்லாச் சூழலிலும் விரைவாகத் தீர்க்கும் வழி எவரிடமும் இல்லை. ஆனால் நடைமுறையில் வரும் சிக்கல்கள் பெரும்பாலும் நம் உதாரணம் போன்றவை. அவற்றில் நிறைய நேரத்தை மிச்சப்படுத்தலாம்.

முதல் திருத்தம்: யாரை முதலில் கேட்பது

எழுதிய வரிசையில் எடுப்பதை விட்டுவிட்டு, பொருந்தும் பதிப்புகள் ஆகக் குறைவாக உள்ள பொதியை முதலில் எடுங்கள். கூட்டத்தில் எந்தத் திகதிக்கும் சம்மதம் என்பவரைக் கடைசியில் கேட்டால் போதும். ஒரேயொரு கிழமைதான் முடியும் என்பவரை முதலில் கேட்கவேண்டும்.

இது ஒற்றை வரி மாற்றம். வரைபடத்துக்கு இரண்டு, தூதனுக்கு நான்கு, நிறத்துக்கு எட்டு. ஆகவே வரைபடம் 1.2 முதலில். அது கேட்ட திகதிக்கு இப்போது 2.0, 2.1 இரண்டே பொருந்தும் என்பதால் அடுத்தது திகதி. பிறகு தூதன். தூதனின் நான்கும் திகதி 2.1 உடன் மோதும், 2.0 உடனும் மோதும். மொத்தம் 8 தோல்வி. நிறம் விளையாட்டுக்குள் வரவே இல்லை. எட்டுப் பதிப்புள்ள பொதி பத்தைச் சேர்த்தாலும் 8 தான்.

ஆனாலும் இது ஓர் ஊகம் மட்டுமே. சம்பந்தமில்லாத பொதிக்கு இரண்டே பதிப்பு இருந்து, மோதும் பொதிகளுக்கு நாற்பது இருந்தால் பழைய கதைதான்.

இரண்டாவது திருத்தம்: குற்றம் யாருடையது

கட்டுரையில் நான் ஆறுதலாக நிற்க விரும்பும் இடம் இது. தாளின் மூலையில் எழுதிய கேள்விக்கு இங்கேதான் பதில்.

ஒவ்வொரு தேவையையும் சேமிக்கும்போது அதைக் கேட்டவர் யார் என்பதையும் சேர்த்துச் சேமியுங்கள். “திகதி, 2.0 முதல் 3.0 வரை, கேட்டவர் வரைபடம்” என்ற மாதிரி. மோதல் வந்தவுடன் வெறுங்கையோடு திரும்பாமல், அந்த மோதலில் பங்குள்ளவர்களின் பெயர்களை ஒரு கணமாக (செட்) திருப்பிக் கொடுங்கள். நம் உதாரணத்தில் அது வரைபடம், தூதன்.

அழைத்த இடத்தில் இரண்டே கேள்விகள். அந்தக் கணத்தில் என் பெயர் இருக்கிறதா? இல்லை என்றால் என் வேறு பதிப்புகளைப் பார்ப்பதில் பயனே இல்லை. அதே கணத்தை உடனே மேலே அனுப்பிவிடு. இருக்கிறது என்றால் என் அடுத்த பதிப்பைப் பார். என் பதிப்புகள் எல்லாம் தீர்ந்துபோனால், கிடைத்த கணங்கள் எல்லாவற்றையும் ஒன்றாக்கி, அதிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டு, என்னைக் கேட்டவர்களின் பெயரைச் சேர்த்து மேலே அனுப்பு.

எழுதிய பழைய வரிசையிலேயே இதை ஓட்டிப்பாருங்கள். தூதனின் நான்கும் தோற்கும். திரும்பும் கணம் வரைபடம், களஞ்சியம். நிறம் தன் பெயரைத் தேடும், இல்லை, அப்படியே கடத்திவிடும். வரைபடம் தன் பெயரைக் காணும், 1.1 இற்குப் போகும். தோல்வி 4. “நிறத்துக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்” என்று இப்போது ரிசோல்வரே கேட்கிறது.

முதல் திருத்தத்தையும் இதையும் சேர்த்தால் சிலருக்கு 4 இற்குப் பதிலாக 8 வரும். பயப்படவேண்டாம், காரணம் இருக்கிறது. அந்த வரிசையில் திகதி 2.1 முன்னரே தேர்ந்தாயிற்று. தூதன் அதோடு மோதும்போது திகதியின் பெயரைக் குற்றவாளிப் பட்டியலில் போட்டிருப்பீர்கள். திகதிக்கு அதில் பங்கில்லை. அதைக் கேட்ட இருவரின் எல்லைகளுக்கும் பொது இல்லை என்பதே பிரச்சினை. ஆகவே மோதல் வரும்போது முதலில் எல்லைகளை ஒன்றோடொன்று பொருத்திப் பாருங்கள். அவற்றுக்கே பொது இல்லை என்றால் கேட்டவர்கள் மட்டும்தான் பொறுப்பு. இதைச் சரிசெய்தால் 4.

4 ஐ 1 ஆக்கவும் முடியும். தூதனின் நான்கு பதிப்புகளும் திகதியிடம் கேட்பது ஒன்றையே. அவற்றைத் தனித்தனியே தோற்கடிக்காமல், “தூதன் 2.0 முதல் 2.3 வரை எல்லாமே திகதி 1 வரிசையைக் கேட்கும்” என்று ஒரே உண்மையாக எழுதிவிடலாம். ஒரு மோதலோடு முடிவு கிடைக்கிறது: களஞ்சியத்துக்குத் தூதன் வேண்டும், தூதனுக்குத் திகதி 1 வரிசை வேண்டும், வரைபடம் 1.2 இற்கோ 2 வரிசை வேண்டும், ஆகவே வரைபடம் 1.2 இங்கே ஆகாது.

பொருந்தாமைகளை இப்படி உண்மைகளாக எழுதி, இரண்டைச் சேர்த்து மூன்றாவதைப் பெற்று, அதை மறக்காமல் வைத்துக்கொள்ளும் முறைதான் பப்கிரப். டார்ட் மொழியின் பப் என்ற பக்கேஜ் மனேஜருக்காக நற்றலி வைசன்பௌம் அதை உருவாக்கி 2018 இல் வெளியிட்டார். பைத்தனின் போயட்ரி, யூவி, ஸ்விஃப்ட்டின் பக்கேஜ் மனேஜர், ரூபியின் பண்ட்லர் எல்லாம் இன்று அந்த வழியைப் பின்பற்றுகின்றன.

காரணத்தைச் சொல்ல வைத்தல்

இப்போது பதிவகத்திலிருந்து வரைபடம் 1.1 ஐ நீக்கிவிட்டு ஓட்டுங்கள். தீர்வு கிடையாது. முதல் வரைவு என்ன சொல்லும்? “திகதிக்குப் பொருந்தும் பதிப்பு இல்லை.” சம்மாந்துறை மாணவியின் நாற்பது வரியின் சாரமும் இதுதான். திகதி போன்ற அந்த மூன்றாவது பொதியை அவள் கேட்கவே இல்லை. அந்தப் பெயரையே அன்றுதான் காண்கிறாள். அவளால் என்ன செய்ய முடியும்?

திருத்திய வரைவிடம் முழுக் கதையும் இருக்கிறது. ஒவ்வொரு முடிவோடும், அது எந்த இரண்டு உண்மைகளிலிருந்து வந்தது என்பதையும் சேமித்து வையுங்கள். தீர்வில்லை என்றானதும் கடைசி முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து, ஒவ்வொன்றையும் ஒரு வசனமாக அச்சிடுங்கள். இப்படி வரவேண்டும்: “தூதனின் எல்லாப் பதிப்புக்கும் திகதி 2.0 இற்குக் கீழ் வேண்டும். வரைபடம் 1.2 இற்குத் திகதி 2.0 அல்லது மேல் வேண்டும். வரைபடத்துக்கு வேறு பதிப்பு இல்லை. களஞ்சியம் இரண்டையும் கேட்பதால் தீர்வு இல்லை.”

இதை வாசித்தவருக்குத் தன் கையில் உள்ளது என்ன என்று தெரியும்: தூதனை மாற்றலாம், வரைபடத்தை விடலாம், தூதனை எழுதியவருக்குத் திகதி 2 ஐ ஏற்கும்படி கேட்டு எழுதலாம். வசனங்களில் பயனர் நேரடியாகக் கேட்ட பொதிகளின் பெயர் கட்டாயம் இருக்கவேண்டும். அவர் கைவைக்கக்கூடியது அவற்றில் மட்டுமே. ஒரே வசனம் இரண்டு இடத்தில் வந்தால் இரண்டாம் முறை எழுதவேண்டாம். இருபது வரிக்கு மேல் போனால் எவரும் வாசிக்கமாட்டார்கள். இந்தச் சின்ன வேலைகளுக்கு நாள்கணக்கில் நேரம் கொடுங்கள் என்று என் மாணவர்களிடம் கெஞ்சியே சொல்கிறேன்.

லொக் கோப்பு

ரிசோல்வர் கண்ட விடையை எழுதி வைக்கும் கோப்பு. அடுத்த முறையும் அடுத்தவரின் கணினியிலும் அதே பதிப்புகள் வரும். கார்கோ, போயட்ரி, என்பிஎம், பிஎச்பியின் கொம்போசர் எல்லாவற்றிலும் உண்டு. என்பிஎம்மில் 2017 இல் ஐந்தாம் பதிப்போடு இயல்பாக வந்தது. நம் ரிசோல்வரில் இதற்கு வேண்டியது ஒரே மாற்றம்: பதிப்புகளை அடுக்கும்போது லொக்கில் உள்ளதை முதலிலும், மற்றவற்றைப் புதியது முதலாகப் பின்னாலும் வையுங்கள். புதிதாக ஒரு பொதியைச் சேர்த்தால் மற்றவை அசையாமல் இருக்கும். பயனர் ஒரு பொதியை மட்டும் புதுப்பிக்கக் கேட்டால் அதை மட்டும் லொக்கிலிருந்து விடுவியுங்கள். லொக் கோப்பை முழுதாக அழித்துவிட்டு மீண்டும் நிறுவச் சொல்லும் அறிவுரையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். ஒரு மோதலைத் தீர்க்க, ஓடிக்கொண்டிருந்த முந்நூறு பொதிகளையும் அசைப்பது அது. அந்த அறிவுரையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.

எல்லாரும் ஒரே வழியில் போவதில்லை

நம் களஞ்சியத்தின் சிக்கல் பைத்தனில் சிக்கல்தான். ஒரு சூழலில் ஒரு பொதிக்கு ஒரு பதிப்பே நிற்கும். என்பிஎம்மிலோ சிக்கலே வராது. வரைபடத்துக்குள் திகதி 2 ஐயும், தூதனுக்குள் திகதி 1 ஐயும் தனித்தனியே வைத்துவிடும். கார்கோவும் முதல் எண் வேறான இரண்டை ஒன்றாக இருக்கவிடும். ஆனால் ஒன்று உருவாக்கிய திகதியை மற்றதிடம் கொடுத்தால் கம்பைலர் இரண்டையும் வேறு வகையாகவே பார்த்து மறுக்கும். அப்படிப்பட்ட நகல்களைக் காண கார்கோவின் ட்ரீ கட்டளையில் அதற்கென ஒரு தெரிவு இருக்கிறது.

கோ மொழி தேடுதலையே விட்டுவிட்டது. ரஸ் கொக்ஸ் 2018 இல் முன்வைத்த வழியில் ஒவ்வொருவரும் கீழெல்லையை மட்டும் சொல்வார்கள். சொல்லப்பட்ட கீழெல்லைகளில் ஆக உயர்ந்தது எதுவோ அதுவே விடை. முதல் எண் மாறினால் பொதியின் பெயரே மாறிவிடும். பின்வாங்குதல் இல்லை, வெடிப்பு இல்லை, விடை எப்போதும் ஒன்றே. விலையும் இருக்கிறது: யாரும் கேட்காதவரை புதிய திருத்தம் தானாக வந்து சேராது. எனக்கு இந்த எளிமை பிடிக்கும், ஆனால் மற்ற மொழிகள் இதற்கு இலகுவில் மாற முடியாது. அங்கே மேலெல்லைகள் ஏற்கெனவே இலட்சக்கணக்கான பொதிகளில் எழுதப்பட்டுவிட்டன.

டேட்டா கார்ட்டில் வேலை செய்பவர்களுக்கு

எங்கள் பிள்ளைகளில் பலர் போன் டேட்டாவில்தான் படிக்கிறார்கள். ஆகவே இது எனக்கு முக்கியம். ரிசோல்வர் ஒரு பதிப்பின் தேவைகளை அறியவேண்டும். அந்த விவரம் தனியாகக் கிடைக்காவிட்டால் முழுப் பொதியையும் இறக்கித்தான் பார்க்கவேண்டும். பிப் பின்வாங்கும்போது பழைய பதிப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மாணவியின் டேட்டா போனது அந்த வழியில்தான். இப்போது பைத்தனின் பைபிஐ பதிவகம், முன்கூட்டியே கட்டி வைத்த வீல் வகைப் பொதிகளுக்கு விவரத்தைத் தனிக் கோப்பாகவும் தருவதால் நிலைமை நன்றாகியிருக்கிறது. கார்கோவும் ஒருகாலத்தில் பதிவகத்தின் முழு அட்டவணையையும் இறக்கியது. 2023 இல் 1.70 பதிப்பிலிருந்து வேண்டிய பொதிகளின் வரிகளை மட்டும் கேட்டு எடுக்கிறது. ரஸ்ட் பழையது என்றால் அதற்காகவே புதுப்பியுங்கள்.

உங்கள் பக்கத்தில் செய்யக்கூடியது: பிப் பின்வாங்கத் தொடங்கினால் நிறுத்திவிட்டு, அது மாற்றி மாற்றி இறக்கும் பொதிக்கு ஒரு கீழெல்லை எழுதுங்கள். மூன்று வருடப் பழைய பதிப்புகளைத் தொடவே வேண்டாம் என்று அதற்குச் சொல்வது அது. தேடல் உடனே சுருங்கும்.

உங்கள் சொந்தப் பொதியில் எல்லை எழுதும்போது

கீழெல்லையை உண்மையாக எழுதுங்கள். பலர் 1.0 என்று எழுதிவிட்டு 1.6 இல் வந்த வசதியைப் பயன்படுத்துகிறார்கள். தங்கள் கணினியில் புதியது இருப்பதால் தெரியவராது. யூவியில் ஆகக் குறைந்த பதிப்புகளைத் தேர்ந்து தீர்க்கச் சொல்லும் தெரிவு உண்டு. அதில் ஒருமுறை சோதனைகளை ஓட்டிப்பாருங்கள்.

மேலெல்லையில் அவதானம். உடையும் என்று தெரிந்தால் போடுங்கள். வருங்காலத்துக்குப் பயந்து நூலகப் பொதியில் போட்டால், அதைப் பயன்படுத்துவோர் எல்லாரும் உங்களுக்காகக் காத்திருக்க நேரும். இன்னொரு வினையும் உண்டு: புதிய பதிப்பில் மட்டும் மேலெல்லை போட்டால், பின்வாங்கும் ரிசோல்வர் மேலெல்லை எழுதப்படாத உங்கள் பழைய பதிப்பைத் தேடிப்போய் எடுத்துவிடும். நீங்கள் தடுக்க நினைத்த சேர்க்கை அங்கே இன்னும் மோசமாக நடக்கும்.

உண்மையான ரிசோல்வருக்குள் போக

நூறு நூற்றைம்பது வரியில் உங்கள் ரிசோல்வர் ஓடுகிறது என்றால், திறந்த மூலத் திட்டம் ஒன்றுக்கு உதவ உங்களிடம் போதிய அறிவு வந்துவிட்டது. வந்தாறுமூலைக் கம்பஸில் படிப்பவரானாலும் ஒலுவிலில் படிப்பவரானாலும், ஏஎல் முடித்துவிட்டு வீட்டில் இருப்பவரானாலும் சரி. நிரலைத் தொட முன்னர் செய்யக்கூடிய, மிகவும் வரவேற்கப்படும் வேலை ஒன்று இருக்கிறது: யாரோ முறையிட்ட மோதலைச் சிறிதாக்கிக் கொடுப்பது.

முறைப்பாட்டில் இருநூறு பொதிகள் இருக்கும். ஒன்றை எடுத்துவிடுங்கள், பிழை அப்படியே வருகிறதா? வந்தால் அது தேவையில்லை. பாதியாகப் பாதியாக எடுத்துக்கொண்டே போங்கள். கடைசியில் நான்கைந்து பொதிகள் மிஞ்சும். அவற்றை உங்கள் சின்ன ரிசோல்வரின் பதிவகத்தில் எழுதிப் பாருங்கள். அங்கும் தோல்வி எண்ணிக்கை வெடிக்கிறதா, அல்லது இது அந்தத் திட்டத்தின் வரிசைப்படுத்தலில் மட்டும் உள்ள கோளாறா என்று தெரிந்துவிடும்.

அந்த மாணவி இப்போது செய்துகொண்டிருப்பது இதைத்தான். தன் நாற்பது வரியை முதலில் தாளில் எழுதினாள். ஒன்பது பொதியிலிருந்து நான்காக்கினாள். “சேர், வாப்பாட்ட வயல் கூட்டம் மாதிரித்தான், ரெண்டு பேருதான் பிடிவாதம், மத்தாக்கள் எல்லாம் சும்மா இருந்திரிக்காங்க” என்றாள். நான்கு பொதி, ஒரு மோதல், இப்போது வரும் செய்தி, வந்திருக்கவேண்டிய செய்தி. இவ்வளவையும் ஒரு பக்கத்தில் எழுதிவிட்டாள். அனுப்ப முன்னர் அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்தத் திட்டத்தின் சோதனைக் கோப்புகளை ஒருமுறை திறந்து, அவர்கள் உதாரணப் பொதிகளுக்கு எப்படிப் பெயர் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்து, உங்கள் நான்குக்கும் அதே முறையில் பெயர் வையுங்கள். வாசிப்பவர் அதை நேரடியாகச் சோதனையாக ஒட்டி ஓட்டலாம்.